கேப்டன் பட்டை எங்கள் அடுப்படியில் இருக்கிறது

அக்கா,

இன்று காலை எலாஸ்டிக் கருகும் வாசனை அடுப்படி முழுக்க அடித்தது. சோற்றுக் குண்டானை இறக்கும்போது நான் பிடித்திருந்த துணியின் ஓரம் தீயில் பட்டுவிட்டது. அம்மா வாயால் ஊதி அணைத்தாள். "பாத்துப் புடிடி, அது அவளுது" என்றாள்.

குண்டானைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேரும் அந்தத் துணியைப் பார்த்தோம். அது மஞ்சள் நிறம் என்று இனிமேல் நாங்கள்தான் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். ஒரு பக்கம் கரி, இன்னொரு பக்கம் குழம்புக் கறை. நடுவில் இருந்த ஆங்கில எழுத்து பாதி உரிந்துவிட்டது. நீ விட்டுப் போன கேப்டன் பட்டை.

மைதானத்து வாசலில் உனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். 'எங்கள் நிரந்தர கேப்டன்' என்று போட்டு, உன் முகத்தைவிடப் பெரிதாக கிளப் தலைவர் முகத்தைப் போட்டிருக்கிறார்கள். உன்னைக் கேப்டன் பதவியிலிருந்து எடுத்த பிறகு எடுத்த படம் அது. கையில் பட்டை இருக்காது. அதனால் ஃப்ளெக்ஸ் கடையில் சொல்லிக் கம்ப்யூட்டரில் ஒரு மஞ்சள் பட்டை வரைந்து ஒட்டியிருக்கிறார்கள். அதையும் வலது கையில். நீ இடது கையில் கட்டித்தான் நான் பார்த்திருக்கிறேன். மூன்று வருடமாக முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்களுக்கு நீ எந்தக் கையில் பட்டை கட்டினாய் என்பது தெரியவில்லை.

அதைப் பார்த்த அன்றே உனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

நம் ஊர் பீங்கான் முதலாளிகள் சிலர் சேர்ந்து பெண்கள் கால்பந்து லீக்கில் ஓர் அணி வாங்கினார்கள் என்ற செய்தி வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. எங்கள் பக்கத்து வீட்டை வீராங்கனைகள் உங்களுக்கு வாடகைக்குப் பிடித்தார்கள். அம்மாவைச் சமையலுக்கு வைத்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் உங்கள் சாப்பாட்டுக் கூடத்தில்தான் உட்கார்ந்து படிப்பேன். முதல் நாளே நீ என் புத்தகத்தைப் பிடுங்கி, நடுவில் விரித்து, மோந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாய். "வாசன நல்லாத்தான் இருக்குது. படிக்கத்தான் ஆவாது. உம் பேரு இனிமே டிக்சனரி" என்றாய். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மற்றவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும்போது நீ மட்டும் நேராக அடுப்படிக்கு வருவாய். குண்டானின் ஒரு காதை அம்மா பிடிப்பாள், இன்னொரு காதை நீ பிடிப்பாய். இறக்கி, கஞ்சி வடித்து, கூடத்துக்குக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் உன் தட்டை எடுப்பாய். ஒரு நாள் அம்மா, "ஏம் பாப்பா, கேப்டனு நீ போயி இதெல்லாம் தூக்கிக்கிட்டு" என்றாள். "கேப்டன்னா மொதல்ல சோறு எங்க இருக்குதுன்னு தெரிஞ்சி வச்சிக்கணும் அத்தை" என்று சொல்லிச் சிரித்தாய்.

தலைவரைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதம் நகராது. அவருடைய கம்பெனியில் மெயின் போர்டில் மாட்டுகிற பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்கிறார்கள். கால்பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரே சொல் 'புரொபசனல்'. தோற்றால், "நாம புரொபசனலா இல்ல" என்பார். ஜெயித்தால், "இதான் புரொபசனல்" என்பார். டிரா ஆனால் என்ன சொல்வது என்று தெரியாமல் காரில் ஏறிப் போய்விடுவார். தோல்விக்கு அவரிடம் இருந்த ஒரே மருந்து கோச்சை மாற்றுவது. "ஃபியூஸு போனா எல்லாரும் கம்பிய மாத்துவாங்க, நம்மாளு லைன்மேன மாத்துறாரு" என்று நீ சொன்னது அந்த வீட்டில் மாதக் கணக்கில் ஓடியது.

கோச் மாறினார் என்பது எங்களுக்கு முதலில் சாப்பாட்டில்தான் தெரியும். முதலாமவர் முட்டையும் கேழ்வரகுக் கூழும் சொன்னார். நல்ல மனிதர், ஆனால் உங்களை ஓடச் சொல்வதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. மூன்று ஆட்டம் தோற்றதும் அனுப்பிவிட்டார்கள். இரண்டாமவர் லேப்டாப் சார். சோற்றை நிறுத்திவிட்டு, முளைகட்டிய பயறும் வெள்ளரிக்காயும் போதும் என்றார். அவர் தூங்கிய பிறகு நீங்கள் பதினாறு பேரும் எங்கள் வீட்டுப் பின்பக்கமாக வந்து பழைய சோறு தின்றீர்கள். மூன்றாமவர் தலைவருடைய மச்சானின் நண்பர். ஜிம் வைத்திருந்தவர். உப்பு போடாமல் வேகவைத்த கோழி கேட்டார். கருவேப்பிலங்குறிச்சிக்காரியான நம் கோல்கீப்பர் மேரி ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, "எங்க ஊரு நாயி கூட இத மோந்துட்டுப் போயிடும்" என்றாள். நான்காமவர் ட்ரோன் சார். மேலேயிருந்து பார்த்தால்தான் ஆட்டம் புரியும் என்றார். ட்ரோன் புளியமரத்தில் மாட்டிக்கொண்டது. அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடியே அந்த சீசன் முடிந்தது.

ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்குள் இருக்கும் இடைவெளியில் எல்லாம் நீதான் 'பொறுப்பு கோச்'. எங்கள் பள்ளியில் தலைமையாசிரியர் மாற்றலாகிப் போனால் ஓர் ஆசிரியையைப் பொறுப்பில் போடுவார்களே, அது மாதிரி. விசில் உன் கழுத்துக்கு வரும், சில வாரம் இருக்கும், போய்விடும். நீ பொறுப்பில் இருந்தபோது எல்லா ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டாய் என்று நான் பொய் எழுத மாட்டேன். தோற்கவும் தோற்றீர்கள். சத்தமும் அதிகம் போடுவாய். ஒரு தடவை நாற்காலியை உதைத்துக் காலை உடைத்தாய், நாற்காலியின் காலை. ஆனால் நீ போட்ட பதினோரு பேர் அடுத்த வாரமும் அதே பதினோரு பேராக இருந்தார்கள். யார் எங்கே நிற்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தெரிந்திருந்தது.

லேப்டாப் சார் போனதும் நீ தலைவரிடம் நேரில் கேட்டாய். அவர் சாப்பாட்டுக் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் மூலையில் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னையே கோச்சாப் போடுங்க சார். கோச்சிங் கிளாஸ் போயி சர்டிபிகேட்டும் வாங்கிக்கிறேன். வெளாடவும் செய்யிறேன்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிகிறது. "நீ நம்ம வூட்டுப் புள்ளம்மா. வூட்டுப் புள்ளயப் போயி கோச்சுன்னு பேப்பர்ல போட்டா யாரு மதிப்பாங்க? புரொபசனலா ஒரு பேரு வேணும்ல?"

நீ அவர் குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், தேவைக்கு அதிகமாகவே தேய்த்துக் கழுவினாய்.

அதே வாரத்தில்தான் காஸ் சிலிண்டர் கேட்க நீயும் நானும் அவருடைய கம்பெனிக்குப் போனோம். உனக்கு ஞாபகம் இருக்கும். சூளையை யாரோ ஓர் ஆள் ஆறுவதற்குள் திறந்துவிட்டிருந்தார். உள்ளே அடுக்கியிருந்த சரக்கு குளிர்ந்த காற்று பட்டு ஒன்றன்பின் ஒன்றாக டிங், டிங் என்று வெடித்தது. கேட்க அழகாகக்கூட இருந்தது. தலைவர் பனியனோடு ஓடிவந்து கத்தினார். "சூளைன்னா பொறுமை வேணும்டா! ஆறுற வரைக்கும் கைய வைக்கக் கூடாதுன்னு எத்தினி தடவ சொல்றது? உள்ள என்ன வெந்துருக்குதுன்னு தெரியாமயே தெறந்து பாத்தா எல்லாம் சில்லாத்தான் போவும்!"

நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். வெளியே வந்து வண்டியை எடுக்கும் வரை அடக்கிக்கொண்டாய். "கேட்டியா டிக்சனரி? அந்தாளுக்குத் தெரியாம இல்ல. களிமண்ணு வெடிச்சா மனசு வலிக்குது, நாம வெடிச்சா வலிக்கல. அவ்வளவுதான்."

அந்த அறிவை மைதானத்துக்குள் வரும்போது கேட்டிலேயே கழற்றிவைத்துவிட்டு வருகிறவர்கள் என்று நான் அந்த முதலாளிகளைப் பற்றி நினைத்துக்கொள்வேன். மைதானம் மட்டும் வேறு எதில் போட்டார்கள்? பள்ளமாக இருந்த இடத்தைக் கம்பெனிகளில் உடைந்து கழிந்த பீங்கானைக் கொட்டி மேடாக்கி, மேலே மண் போட்டு, புல் விதைத்தார்கள். மழை பெய்தால் மண் கரைந்து சில்லு மேலே வந்துவிடும். வெள்ளையாக, கத்தி மாதிரி.

அதனால்தான் நீ சில்லு பொறுக்கும் வரிசையை ஆரம்பித்தாய். பயிற்சிக்கு முன்னால் எல்லாரும் கைக்கு எட்டும் தூரத்தில் வரிசையாக நின்று, குனிந்து, இந்தக் கோல்போஸ்டிலிருந்து அந்தக் கோல்போஸ்ட் வரை நடந்து பொறுக்க வேண்டும். நானும் பையோடு பின்னால் வருவேன். லேப்டாப் சார் இதை நேர விரயம் என்று நிறுத்தினார். அந்த வாரமே மேரி பாய்ந்து விழுந்து தொடையில் ஏழெட்டுத் தையல் போட்டுக்கொண்டாள். அவர் ஊருக்குப் போனதும் வரிசை திரும்ப வந்தது.

ஜிம் சார் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் நல்ல மழை. ஸ்பான்சர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள், வீராங்கனைகள் எல்லாரும் வாசலில் இரண்டு பக்கமும் நின்று பூப் போட்டு வரவேற்க வேண்டும் என்று உத்தரவு. நீ மைதானத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாய். உள்ளங்கையில் நாலு சில்லு வைத்திருந்தாய்.

"பூவு அப்பறமாப் போடலாம் சார். மொதல்ல பொறுக்கிட்டு வந்துடறோம்."

"கெஸ்ட்டுங்க வந்துட்டாங்கம்மா" என்றார் ஜிம் சார்.

"வரட்டும். அவங்க நாக்காலியிலதான ஒக்காரப் போறாங்க? நாங்கதான விழப் போறோம்?"

மைக்கில் தலைவர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பந்தலில் பட்டுப்புடவைகள் திரும்பிப் பார்த்தன. நீங்கள் குனிந்தபடி மெதுவாக நடந்தீர்கள். பாதி மைதானத்தில் ரெஃப்ரியும் வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார். ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. கடைசியில் ஒரு பெனால்டியில் தோற்றீர்கள். ஒருவர் காலிலும் ஒரு கீறல் இல்லை.

அன்று சாயங்காலம் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. 'ஒழுங்கு நடவடிக்கை. இன்று முதல் கேப்டன் மாற்றம்.' பக்கத்துத் தெருவில் இருக்கிற அலுவலகத்திலிருந்து நடந்து வந்து முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒருவருக்கும் துப்பில்லை. மேரியைக் கேப்டனாகப் போட்டிருந்தார்கள். மேரி அழுதுகொண்டே உன்னிடம் வந்தாள். "எனக்கு வேணாங்க்கா, நான் போட்டுக்க மாட்டேன்."

"லூசு, நீ ஏன்டி அழுவுற? போட்டுக்க. நீ போட்டுக்கலன்னா வேற யாராச்சும் மச்சானோட பொண்ணக் கொண்டாந்து போடுவாங்க" என்று நீ அவள் தலையில் தட்டினாய்.

மேரிக்கு ஸ்பான்சர் பெயர் போட்ட சிவப்புப் பட்டை புதிதாக வந்தது. உன் மஞ்சள் பட்டையைத் திருப்பிக் கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு நீ வழக்கம்போல அடுப்படிக்கு வந்தாய். நீ பட்டையைக் கையிலிருந்து உருவி, நாலாக மடித்தாய்.

"நீங்க முந்தானய வச்சித்தான எப்பவும் புடிக்கிறீங்க அத்தை? இந்தாங்க. நல்லா தடிமனா இருக்குது, சுடாது."

அம்மா வாங்கவில்லை. நீயே அதைக் குண்டானின் காதில் சுற்றி, அந்தப் பக்கத்தை அம்மாவுக்கு விட்டுவிட்டு, உன் பக்கத்தை வெறும் துண்டால் பிடித்துத் தூக்கினாய். அன்றைக்கு என்ன குழம்பு என்று எனக்கு நினைவில்லை. நீ மட்டும் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாய். வேண்டுமென்றே சாப்பிட்டாய் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகும் நீ போகவில்லை. ட்ரோன் சார் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் மறுபடி நீதான் அணியை ஓட்டினாய், இந்தத் தடவை பொறுப்பு என்ற பெயர்கூட இல்லாமல். சீசன் முடிவதற்குள் திருச்சியில் கோச்சிங் கிளாஸ் வந்தது. லீவு கேட்டாய். அணிக்கு முக்கியமான நேரம், தர முடியாது என்றார்கள். உன்னைவிட்டால் ஆள் இல்லை என்பதை அவர்கள் ஒத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான். நீ கேட்காமல் போனாய். "போயிட்டு வரேன் டிக்சனரி. வந்து நீ எனக்கு இங்கிலீஸு பாடம்லாம் சொல்லித் தரணும், அந்தப் புக்கு பூரா இங்கிலீஸாம்" என்றாய்.

வகுப்பு முடிந்து திரும்பி வரும்போது, வேப்பூர் கூட்ரோட்டில் இறங்கி, நம் ஊர் பஸ்ஸுக்காக ரோட்டைக் கடந்தாய். லாரி வந்தது. அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. நீயும் ஒன்றையே திரும்பத் திரும்பப் பேசுகிறவள் இல்லை.

இரங்கல் கூட்டத்தில் தலைவர் அழுதார். "இருந்திருந்தா இந்தப் பொண்ணுதான் நம்ம அடுத்த கோச்சு" என்றார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இருந்தபோது அவருக்கு நாலு வாய்ப்பு இருந்தது. நாலு தடவையும் உன்னைத் தாண்டி எட்டிப் பார்த்தவர், நீ இல்லாத இடத்தில் உன்னை உட்காரவைக்கிறார். செத்துப் போனவளைக் கோச்சாகப் போடுவது சுலபம். லீவு கேட்க மாட்டாள், சில்லு பொறுக்கப் போக மாட்டாள். மரியாதை என்று அவர்கள் சொல்லும் சொல் எனக்கு அன்றிலிருந்து பிடிக்காமல் போய்விட்டது.

இன்றைக்கு ஐந்தாவது கோச் வந்திருக்கிறார். வரவேற்பு விருந்து. அதற்குத்தான் காலையிலிருந்தே இரண்டு குண்டான் சோறு. முதல் குண்டானில் பட்டை கருகியது. இரண்டாவது கொதித்து வரும்போது தலைவரே அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. பின்னால் மேரி நின்றாள்.

"யம்மா, ஒரு விஷயம். நம்ம புது ஆபீஸ்ல கண்ணாடிப் பெட்டி ஒண்ணு செஞ்சிருக்கோம். அந்தப் பொண்ணு ஞாபகமா எதுனா வைக்கணும். கேப்டன் பட்டை கட்டிக்கிட்டிருந்துச்சில்ல, மஞ்சள்ல? அது எங்கயும் கெடைக்கல. ஒங்க வூட்டுலதான எப்பவும் இருக்கும் அந்தப் பொண்ணு? பாத்தீங்களா?"

பட்டை என் கையில் இருந்தது. அம்மா என்னைப் பார்க்கவேயில்லை. அடுப்பை அணைத்தாள்.

"புடிடி" என்றாள்.

நான் பட்டையைச் சுற்றி என் பக்கத்துக் காதைப் பிடித்தேன். அம்மா முந்தானையால் அவள் பக்கத்தைப் பிடித்தாள். தூக்கினோம். ஆவி எங்கள் முகத்திலும் அவர் முகத்திலும் அடித்தது.

"கொஞ்சம் நவுந்துக்கோங்க சார், சுடும்" என்றாள் அம்மா.

அவர் நகர்ந்தார். அவருடைய சட்டைக்கு ஒரு முழம் தள்ளி, அவர் கண்ணுக்கு நேராக, அந்தப் பட்டை போனது. அவர் அதைப் பார்த்தார் அக்கா. நான் சத்தியமாகச் சொல்கிறேன், பார்த்தார். பார்த்துவிட்டு, சட்டையில் கரி பட்டுவிடாமல் இன்னும் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டார்.

"எங்கயாச்சும் கெடந்தா குடுங்கம்மா."

"கெடந்தா குடுக்கறேங்க" என்றாள் அம்மா. "அதெல்லாம் கீழ கெடக்காதுங்க."

"சரி, சரி. கெடைக்கலன்னா புதுசா ஒண்ணு தைச்சி வச்சிடலாம். யாருக்குத் தெரியப்போவுது?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேரி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. எங்கள் கையில் குண்டான் இருந்ததால் சிரிக்கவும் முடியவில்லை.

சாயங்காலம் மைதானத்தில் புது கோச் விசிலை ஊதினார். யாரும் அவர் பக்கம் போகவில்லை. எல்லாரும் கோல்போஸ்ட் பக்கம் போய் வரிசையாக நின்று குனிந்தார்கள். "யாரு சொன்னது இதச் செய்ய? யாரு கேப்டன் இங்க?" என்று அவர் கேட்டார். மேரி நிமிராமலே, "இது முடிஞ்சதும் சொல்றோம் சார், இப்ப குனிங்க" என்றாள். நான் பையைத் திறந்து பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அவர் குனிந்தாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குப் புதுப் பட்டை தைக்கக் கொடுத்துவிட்டார்களாம். இருக்கட்டும். உன்னுடையதற்கு இங்கே வேலை இருக்கிறது. முதலில் கொஞ்ச நாள் குண்டான் என் பக்கமாகச் சாய்ந்து கஞ்சி சிந்தும், அம்மா திட்டுவாள். எனக்கு உன் அளவு உயரமும் இல்லை, பலமும் இல்லை. இப்போது சிந்துவதில்லை. நாளைக்கும் பதினைந்து பேருக்குச் சோறு இறக்க வேண்டும். அம்மா அந்தப் பக்கம். நீ பிடித்த பக்கம் நான்.